கலைக்கூடமும் இதழும்: சொந்தமாகத் தொடங்கி நடத்துவதற்கு ஒரு வழிகாட்டி

கண்காட்சி முடிந்த மறுநாள் காலை கூடத்துக்குள் போனால் சுவரில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருக்கும். போன வாரம் வரை ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்த இடம் அது. படைப்புகள் பெட்டிக்குள் போய்விட்டன. ஐந்து வருடம் கழித்து ஒருவர் வந்து ‘அப்போது என்ன காட்டினீர்கள், ஏன் காட்டினீர்கள்?’ என்று கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது? கூடம் நடத்த ஆரம்பித்து இரண்டாவது வருடத்தில்தான் இந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. இதழ் தொடங்கியது அதற்குப் பிறகு. இரண்டையும் முதல் நாளிலேயே சேர்த்துத் திட்டமிட்டிருந்தால் பாதி அவதி குறைந்திருக்கும்.

சேர்த்து நடத்துவது ஒன்றும் புதிதில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரட் ஸ்டீக்லிட்ஸ் 1903இல் ‘கேமரா ஒர்க்’ என்ற புகைப்பட இதழைத் தொடங்கினார். 1905இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் சின்ன அறைகளில் ஒரு கூடம் திறந்தார். பின்னாளில் கதவு எண்ணே அதன் பெயராகி ‘291’ ஆயிற்று. இரண்டும் 1917இல் நின்றன. கடைசியில் இதழுக்கு மிஞ்சிய சந்தாதாரர்கள் நாற்பதுக்கும் குறைவு. 1916 பிப்ரவரியில் சூரிக்கில் டாடா கலைஞர்கள் தொடங்கிய கேபரே வோல்டேர் என்ற இரவு விடுதி இன்னும் மோசம், சில மாதங்களிலேயே மூடப்பட்டது. ஆனால் அந்த ஜூனில் அதே பெயரில் அந்தக் கலைஞர்கள் போட்ட ஒரே ஒரு இதழை இன்றும் ஆட்கள் தேடிப் பிடித்துப் படிக்கிறார்கள்.

கண்காட்சி கலைந்துபோகிற காரியம். இதழ் தங்குகிற காரியம். இரண்டுக்கும் ஒரே நாட்காட்டி, ஒரே கணக்குப் புத்தகம், ஒரே சிறிய குழு. கீழே சொல்வது எல்லாம் அந்தக் குழு மூச்சு வாங்காமல் மூன்று வருடம் தாண்டுவதற்கு.

முதல் படி: இடம் தேடுவதற்கு முன் ஒரு பக்கம்

ஒரே பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள். எதைக் காட்டுவோம், எதைக் காட்ட மாட்டோம், யார் முடிவெடுப்பது.

இரண்டாவதுதான் கஷ்டம். ‘நல்ல கலை எதுவானாலும் காட்டுவோம்’ என்று எழுதினால், பணம் கொடுத்துச் சுவர் கேட்டு வருகிறவருக்கு மறுப்புச் சொல்லக் கையில் ஒரு காரணமும் இருக்காது. ‘இதுவரை தனிக் கண்காட்சி போடாதவர்கள் மட்டும்’, ‘காகிதத்தில் செய்தவை மட்டும்’, ‘ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் இல்லை’ என்பது போல ஏதாவது ஒரு வேலி வேண்டும். வேலியைப் பிறகு நகர்த்திக்கொள்ளலாம். இல்லாத வேலியை நகர்த்த முடியாது.

முடிவெடுக்கிறவர்கள் மூன்று பேரோ ஐந்து பேரோ இருக்கட்டும், இரட்டைப்படை வேண்டாம். குழுவில் இருப்பவருடைய படைப்பைக் காட்டுவதா, வேண்டாமா என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். நட்பு முறிவதற்கு இந்த ஒரு வரி இல்லாமல் போவதே போதும். நாங்கள் எழுதவில்லை, முறிந்தது.

சட்டப்படி அறக்கட்டளையா, சங்கமா, நிறுவனமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். எதுவானாலும் முதல் நன்கொடை வாங்குவதற்கு முன் ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுங்கள். நல்கை (உதவித்தொகை) கேட்க முடியுமா, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டா என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தது. கூடத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். சொந்தக் கணக்கில் ஒரு மாதம் ஓட்டினால் அதைப் பிரித்தெடுக்க ஒரு வருடம் ஆகும்.

இரண்டாம் படி: இடம்

தரையின் பரப்பளவைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது சுவரின் நீளம். ஜன்னல், கதவு, தூண் எல்லாம் போக இடையில் உடையாத சுவர் எத்தனை மீட்டர் மிஞ்சுகிறது என்று டேப் வைத்து அளங்கள். பெரிய அறையில் நாலு பக்கமும் ஜன்னல் இருந்தால் அது ஓவியருக்கு ஸ்டுடியோ ஆகலாம், கண்காட்சிக்கு உதவாது.

அடுத்து வாசலும் மாடிப்படியும். எங்கள் முதல் இடம் மாடியில். 180 செ.மீ. கேன்வாஸ் ஒன்று படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் ஓவியரே வந்து கட்டையிலிருந்து துணியைப் பிரித்துச் சுருட்டி எடுத்துப்போய் மேலே மறுபடி இழுத்து அடித்தார். இடம் பார்க்கப் போகும்போது ஒரு பெரிய அட்டையைக் கையோடு கொண்டுபோய்ப் படியில் திருப்பிப் பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வர முடியுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் வெளிச்சுவரை உள்ளிருந்து தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று ஈரம் தெரிந்தால் அந்தச் சுவரில் காகிதப் படைப்பு மாட்ட முடியாது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், அது சட்டென்று ஏறி இறங்காமல் இருப்பது. பகலில் ஏசி, இரவில் அணைப்பு என்று தினமும் ஆட்டிவைத்தால் காகிதம் அலையலையாக நெளியும், மரச்சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

சுவர் சொந்தச் செலவில் போடுவதானால் 12 மி.மீ. பிளைவுட் அடித்து அதன்மேல் ஜிப்சம் பலகை. எங்கே வேண்டுமானாலும் திருகு இறங்கும், பிடித்துக்கொள்ளும். வெறும் ஜிப்சத்தில் கனமான சட்டத்தை மாட்டினால் திருகோடு சேர்ந்து வரும். பெயின்ட் மேட்டாக இருக்கட்டும், பளபளப்பு வேண்டாம். இடத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிப்பறைக்கு ஒதுக்குங்கள். பெட்டிகள், பபிள் ராப், ஏணி, விற்காத இதழ் பிரதிகள் எல்லாம் எங்காவது போக வேண்டுமே.

மூன்றாம் படி: ஒரு வருடத்தை ஒரு தாளில்

இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம். சிறிய கூடங்கள் பணத்தட்டுப்பாட்டால் மூடுவதைவிட ஆட்கள் களைத்துப்போவதால் மூடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு கண்காட்சி, மூன்று மாதத்துக்கு ஓர் இதழ் என்று ஆரம்பிப்பார்கள். எட்டாவது மாதம் எல்லோருக்கும் எல்லோர்மீதும் கோபமாக இருக்கும்.

மூன்று பேர் பகுதி நேரமாக நடத்துவதானால் வருடத்துக்கு நாலு கண்காட்சி, இரண்டு இதழ். அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு கண்காட்சிக்கு ஏழு வாரம் ஒதுக்குங்கள். சுவர் பழுதுபார்த்து வெள்ளையடிக்க ஒரு வாரம், மாட்டுவதற்கு ஒரு வாரம், திறந்திருப்பது நாலு வாரம், கழற்றிக் கட்டி அனுப்ப ஒரு வாரம். நாலு கண்காட்சிக்கு 28 வாரம். மீதி 24 வாரம் ‘சும்மா’ இல்லை. இதழ் வேலையில் பெரும்பகுதி அதற்குள்தான் நடக்க வேண்டும்.

ஓர் இதழுக்கு 16 வாரம் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அச்சகத்துக்கு இரண்டு, மெய்ப்புக்கு (புரூஃப் பார்க்க) இரண்டு, பக்க அமைப்புக்கு மூன்று, செப்பனிட மூன்று, எழுதுபவர்களுக்கு ஆறு. எழுதுபவர்கள் எட்டு வாரம் எடுத்துக்கொள்வார்கள். ஆறு என்றே சொல்லுங்கள்.

இதழ் வெளியீட்டைக் கண்காட்சித் திறப்பு நாளில் வைக்க ஆசை வரும், ஒரே செலவில் இரண்டு விழா ஆயிற்றே என்று. நாங்கள் இரண்டு முறை செய்தோம். வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், இதழை யாரும் புரட்டவில்லை. இப்போது சுவர் காலியாக இருக்கும் வாரத்தில் இதழை வெளியிடுகிறோம். வெறும் அறை, நடுவே ஒரு நீள மேஜை, அதன்மேல் இதழ். ஆட்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள், எழுதியவரோடு சண்டை போடுகிறார்கள். வேறு என்ன வேண்டும்?

நாலாம் படி: கலைஞரோடு ஒப்பந்தம்

நண்பராக இருந்தாலும் எழுத்தில் போடுங்கள். நண்பராக இருந்தால் கட்டாயம் போடுங்கள். இரண்டு பக்கம் போதும். படைப்புகளின் பட்டியல், ஒவ்வொன்றின் காப்பீட்டு மதிப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கூடத்தின் பொறுப்பு, கொண்டுவரும் செலவும் திருப்பி அனுப்பும் செலவும் யாருடையது, சேதமானால் என்ன, விற்றால் பங்கு எவ்வளவு, விற்ற பணம் எத்தனை நாளில் கலைஞர் கைக்குப் போகும், கண்காட்சி முடிந்தும் வந்து எடுத்துப்போகாத படைப்பை எத்தனை நாள் வைத்திருப்பது. கடைசியில் சொன்னது சிரிப்பாகத் தெரியும். எங்கள் சேமிப்பறையில் ஒரு சிற்பம் மூன்று வருடம் இருந்தது.

வணிகக் கேலரிகள் விற்பனையில் பாதி வரை எடுப்பது வழக்கம். விற்பனையை நோக்கமாகக் கொள்ளாத கூடம் அவ்வளவு எடுத்தால் அநியாயம். நாங்கள் கால் பங்கில் நிறுத்தியிருக்கிறோம்.

இதழை மனதில் வைத்து ஒரு பத்தி சேர்க்க வேண்டும். ஓவியத்தை ஒருவர் வாங்கிவிட்டாலும் பெரும்பாலான நாடுகளில் பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தின்படி படைத்தவரின் ஆயுளும் அதன்பின் குறைந்தது 50 வருடமும் அது செல்லும். பல நாடுகளில் இன்னும் நீளம். ஆகவே ‘கண்காட்சியைப் படம் எடுக்கவும், அந்தப் படங்களை இதழில் அச்சிடவும், மின்வடிவில் வெளியிடவும், ஆவணத்தில் வைக்கவும் சம்மதம்’ என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அச்சுக்குச் சரி, இணையத்துக்கு வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்; அது அவர்கள் உரிமை. படம் எடுத்த புகைப்படக்காரருக்கும் தனி உரிமை உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

கலைஞருக்குக் காட்சித் தொகை கொடுக்க வேண்டுமா? வேண்டும், சின்னத் தொகையாக இருந்தாலும். ‘பெயர் கிடைக்கும்’ என்பது ஊதியம் இல்லை. கனடாவில் 1968இல் கலைஞர்கள் கார்ஃபாக் என்ற சங்கம் அமைத்து இதற்காகப் போராடினார்கள். 1988இல் படைப்பைக் காட்சிக்கு வைப்பதற்கான உரிமையே அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஏறியது. நியூயார்க்கில் 2008இல் தொடங்கிய வேஜ் என்ற குழு, கலைஞர்களுக்கு ஒழுங்காகத் தொகை கொடுக்கும் அமைப்புகளுக்குச் சான்று தருகிறது. வரவுசெலவு போடும்போது வாடகைக்கு அடுத்த வரியில் இதை எழுதுங்கள். கடைசி வரியில் எழுதினால் வெட்டுப்படும்.

ஐந்தாம் படி: பெட்டி திறக்கும் நாள்

படைப்பு வந்ததும் பெட்டியைப் பிரிக்கத் தோன்றும். முதலில் மூடிய பெட்டியைப் படம் எடுங்கள், நாலு பக்கமும். பெரிய வெப்பநிலை மாற்றத்தைக் கடந்து வந்திருந்தால் ஒரு நாள் அப்படியே அறைச்சூட்டில் கிடக்கட்டும். குளிர்ந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தால் கண்ணாடியில் ஈரம் படியும்.

பிரித்ததும் நிலைக்குறிப்பு எழுதுங்கள். ஒரு படைப்புக்கு ஒரு தாள். மேலே சின்னப் படம், கீழே கண்ணில் பட்டது எல்லாம். ‘நல்ல நிலை’ என்று எழுதினால் அது எழுதாததற்குச் சமம். ‘இடது கீழ் மூலையில் சட்டத்தில் 4 மி.மீ. சிராய்ப்பு. வலது மேல் பகுதியில் வண்ணத்தில் இரண்டு இடங்களில் மயிரிழை விரிசல். பின்புறம் பழைய ஒட்டுத்தாள்’ என்று எழுதுங்கள். டார்ச்சைப் படைப்பின் பரப்பையொட்டிப் பக்கவாட்டில் அடித்தால் நேராகப் பார்க்கும்போது தெரியாத பள்ளம், தூக்கல் எல்லாம் தெரியும். கொண்டுவந்தவர் அங்கேயே கையெழுத்திட வேண்டும். திருப்பி அனுப்பும் நாளில் இதே தாளை எடுத்து வைத்து மறுபடி ஒப்பிடுவோம். அன்றைக்குத்தான் இதன் அருமை தெரியும்.

கட்டி வந்த அட்டை, நுரை, பபிள் ராப் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பெட்டிக்கு எது என்று எண் எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: மாட்டுவது

முதல் நாள் ஆணியே அடிக்க வேண்டாம். எல்லாவற்றையும் சுவரோரமாகத் தரையில் நுரைக் கட்டைகள்மேல் சாய்த்து வையுங்கள். மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வாசலிலிருந்து புதிதாக உள்ளே வருவதுபோல் வந்து பாருங்கள். வந்தவர் கண் முதலில் விழும் சுவரில் எது? உரக்கப் பேசும் படைப்பின் பக்கத்தில் மெல்லப் பேசுவதை வைத்தால் பின்னது காணாமல் போகும். எல்லாம் பொருந்தி வருகிறது, ஒன்று மட்டும் இடிக்கிறது என்றால் அதை எடுத்துவிடுங்கள். கலைஞர் வருத்தப்படுவார். மாட்டி முடித்ததும் அவரே ஒத்துக்கொள்வார், பெரும்பாலும்.

அப்புறம் கணக்கு. ஒவ்வொரு படைப்பின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். 145 முதல் 152 செ.மீ. வரை வழக்கம். நாங்கள் 150 வைத்துக்கொள்கிறோம். மேல்விளிம்பை ஒன்றாக்கிப் பார்க்கத் தோன்றும், ஆனால் அளவுகள் வெவ்வேறாக இருந்தால் கண்ணுக்குப் பொருந்தாது.

ஆணி எங்கே அடிப்பது? சட்டத்தின் பின்னால் உள்ள கம்பியை நடுவில் விரலால் மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள், மாட்டினால் எப்படி விறைக்குமோ அப்படி. விரலிலிருந்து சட்டத்தின் மேல்விளிம்புவரை அளங்கள். 9 செ.மீ. என்று வைப்போம். சட்டத்தின் உயரம் 80. அதில் பாதி 40. 150 கூட்டல் 40, கழித்தல் 9. ஆணி 181 செ.மீ.யில். இதை ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்தச் சட்டத்தின் பின்னால் ஒட்டிவிட்டால் ஏணியில் நிற்பவர் கத்திக் கேட்க வேண்டியதில்லை.

இடைவெளிக்கும் இதே போல ஒரு கணக்கு. சுவர் 530 செ.மீ. நாலு ஓவியங்களின் அகலம் 60, 90, 60, 70, மொத்தம் 280. மிஞ்சுவது 250. நாலு ஓவியத்துக்கு இரு ஓரங்களையும் சேர்த்து ஐந்து இடைவெளி, ஆளுக்கு 50. இதிலிருந்து தொடங்குங்கள். பிறகு கண் சொல்வதைக் கேட்டு ஓரத்து இடைவெளிகளைக் கொஞ்சம் கூட்டி, நடுவில் இருப்பவற்றைக் குறைக்கலாம். கனமானவற்றுக்குக் கம்பி வேண்டாம். இரண்டு கொக்கியில் தொங்கட்டும், சரியாது. ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று கண்ணாலும் பாருங்கள். பழைய கட்டடத்தில் தரையே சாய்ந்திருக்கும்; அங்கே ரசமட்டம் சரி என்று சொல்வது கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். அந்த நேரத்தில் கண் பக்கம் நில்லுங்கள்.

வெளிச்சத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு நீர்வண்ணத் தொடரை மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினோம். மாலையில் வெயில் அதன்மேல் விழும்போது அழகாக இருந்தது. நாலு வாரம் கழித்துச் சட்டத்தைப் பிரித்தபோது, ஓவியத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டைக்குள் மறைந்திருந்த ஓரம் கருஞ்சிவப்பு. வெளியே தெரிந்த பகுதி அதைவிட ஒரு படி வெளுப்பு. ஒளி செய்யும் சேதம் கூட்டிக்கொண்டே போவது, திரும்பி வராது. காகிதம், நீர்வண்ணம், துணி, பழைய புகைப்படம் எல்லாவற்றுக்கும் 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 150 முதல் 200 வரை போகலாம். லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 50 லக்ஸ் முதலில் இருட்டாகத் தோன்றும். சுற்றிலும் வெளிச்சத்தைக் குறைத்தால் கண் ஐந்து நிமிடத்தில் பழகிக்கொள்ளும். விளக்கு எல்.இ.டி.யாக, நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவெண் 90க்கு மேல் உள்ளதாக இருக்கட்டும். மேலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் அடித்தால் கண்ணாடியில் விளக்கு தெரியாது, பார்ப்பவர் நிழலும் விழாது.

பெயர் அட்டையில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. விளக்கம் எழுதினால் அறுபது வார்த்தைக்குள். அதற்கு மேல் சொல்ல இருப்பதற்குத்தான் இதழ் இருக்கிறதே.

மாட்டி முடித்த அன்றோ மறுநாளோ, கூட்டம் வருவதற்கு முன் அறையைப் படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுவரும் முழுதாக, இரண்டு மூலைகளிலிருந்து அறை முழுதாக, படைப்புகள் தனித்தனியாக, ஒரு ஆள் நிற்கும்படி ஒன்றிரண்டு (அளவு தெரிவதற்கு). கடைசி வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், அன்று ஒரு விளக்கு எரியாது.

ஏழாம் படி: திறந்திருக்கும் நாட்கள்

குறைந்த நாட்கள் திறங்கள், ஆனால் சொன்ன நேரத்தில் திறங்கள். வாரம் நாலு நாள், மதியம் முதல் மாலை வரை போதும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் இரண்டாம் முறை வர மாட்டார். உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு படைப்பைப் பற்றியும் இரண்டு வாக்கியமாவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், கேட்டால் மட்டும்.

எட்டாம் படி: இதழ், எதற்காக?

இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள். தங்கள் கண்காட்சிகளின் படங்களையும் பாராட்டுரைகளையும் தொகுத்து ‘இதழ்’ என்கிறார்கள். அது கேட்டலாக். கேட்டலாக் போடுவதில் தப்பில்லை, ஆனால் அதை ஒருவர் சந்தா கட்டி வாங்க மாட்டார். ஸ்டீக்லிட்ஸ் 1912 ஆகஸ்டில் ஓவியர்கள் மத்தீஸ், பிக்காசோ பற்றி எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதியதைச் சிறப்பிதழாகப் போட்டார். புகைப்பட இதழில் புகைப்படமே பேசுபொருளாக இல்லாத எழுத்து! சந்தாதாரர்கள் குறைய அது போன்ற துணிச்சலும் காரணம். அந்த இதழைப் பற்றி இன்றும் பேசுவதற்கும் அதுவேதான் காரணம்.

நாங்கள் வைத்திருக்கும் விதி: பக்கங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எங்கள் கூடத்தைப் பற்றி இருக்கக் கூடாது. மீதி வேறு இடங்களின் கண்காட்சிகள், கலைஞரின் குறிப்பேட்டுப் பக்கங்கள், மொழிபெயர்ப்பு, நீண்ட உரையாடல், இதழுக்கென்றே ஒரு கலைஞர் செய்த எட்டுப் பக்கம். கூடத்தின் கண்காட்சியைப் பற்றிய விமர்சனத்தை வெளியாளிடம் கொடுங்கள். அவர் ‘சரியில்லை’ என்று எழுதினால் அப்படியே போடுங்கள். ஒரு முறை போட்டோம். அந்தக் கலைஞர் ஆறு மாதம் பேசவில்லை. வாசகர்கள் நம்ப ஆரம்பித்தது அந்த இதழிலிருந்துதான்.

கட்டுரை கேட்கும்போது ஒரு பக்கக் கடிதமாகக் கேளுங்கள்: பொருள், வார்த்தை எண்ணிக்கை, கெடு, தொகை, எத்தனை முறை திருத்தக் கேட்போம், பிறகு வேறெங்கும் அவர் வெளியிடலாமா. செப்பனிடுவது எழுத்துப்பிழை பார்ப்பதோடு முடியாது. கலை எழுத்தில் ‘வெளியின் அர்த்தத்தளங்களை மறுவிசாரணை செய்கிறது’ என்ற மாதிரி வாக்கியங்கள் நிறைய வரும். ஓரத்தில் ‘அதாவது?’ என்று ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்புங்கள். பதிலாக வருவதுதான் உண்மையில் அவர் சொல்ல வந்தது, பெரும்பாலும் நன்றாகவும் இருக்கும்.

ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை முதல் இதழுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எட்டு இலக்கம். தொடர் வெளியீட்டின் தலைப்புக்குக் கொடுப்பது. இதழுக்கு இதழ் மாறாது. அச்சுக்கு ஒன்று, மின்வடிவுக்கு வேறொன்று. பெயரைக் கணிசமாக மாற்றினால் புதிய எண் வாங்க வேண்டும். தரத்துக்கான முத்திரை என்று சிலர் நினைக்கிறார்கள்; அடையாள எண், அவ்வளவுதான். நூலகங்கள் பட்டியலில் ஏற்றுவதற்கு இது இருந்தால் வழி சுலபம்.

ஒன்பதாம் படி: அச்சகம்

அச்சகத்துக்குப் போவதற்கு முன் வெறும் தாளை மடித்து ஒரு டம்மி செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் எண்ணும் உள்ளடக்கமும் எழுதுங்கள். எது எதற்கு எதிர்ப்பக்கம் என்பது திரையில் உருட்டிப் பார்த்தால் மனதில் பதியாது, கையில் புரட்டினால் பதியும். நடுவில் பின் அடிக்கும் இதழ் என்றால் பக்க எண்ணிக்கை நாலின் மடங்கு. ஃபாரம் (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுதி) கணக்கில் 16இன் மடங்காக வைத்தால் தாள் வீணாகாது. 64 பக்கத்துக்கு மேல் போனால் பின் தாங்காது. முதுகு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்தான்.

முதுகின் அகலத்தைத் தோராயமாகப் போடாதீர்கள். 128 பக்கம் என்றால் 64 தாள். தாளின் கனம் 0.12 மி.மீ. என்றால் 7.7 மி.மீ., அதோடு அட்டை. எங்கள் மூன்றாவது இதழில் கடைசி நேரத்தில் தாளை மாற்றிவிட்டு இதை மறந்தோம். முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு பாதி வழிந்து முன்னட்டைக்கு வந்துவிட்டது. ‘வேண்டுமென்றே செய்தீர்களா, நன்றாக இருக்கிறது’ என்று ஒருவர் பாராட்டினார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

படங்கள் அச்சிடும் அளவில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். திரையில் தெரியும் நீலமும் பச்சையும் நாலு வண்ண மையில் அப்படியே வராது; படங்களை அந்த நாலு வண்ண முறைக்கு மாற்றிப் பார்த்துக் கலைஞரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஓரம்வரை போகும் படத்துக்கு 3 மி.மீ. வெட்டு இடம் விடுங்கள். இரண்டு பக்கத்தில் விரியும் படத்தில் முகம் நடுவில் வந்தால் மூக்கு பைண்டிங்குக்குள் போய்விடும். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்று அச்சகத்தாரிடம் கேளுங்கள். குறுக்கே ஓடினால் இதழ் விறைத்துக்கொண்டு திறக்கவே திறக்காது. ஒரு தாளை நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை மெல்ல வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுதான் நாரின் திசை.

ஆஃப்செட்டில் பிளேட் செய்யும் செலவு முதலிலேயே விழுந்துவிடும். பிரதி கூடக் கூட ஒன்றின் விலை இறங்கும். டிஜிட்டலில் பத்தானாலும் இருநூறானாலும் ஒன்றின் விலை கிட்டத்தட்ட ஒன்றே. முதல் இதழை டிஜிட்டலில் 150, 200 பிரதி போடுங்கள். ‘ஆயிரம் போட்டால் மலிவு’ என்று கணக்குக் காட்டுவார்கள். மலிவுதான், கட்டிலுக்கு அடியில் 800 கிடக்கும். எதுவானாலும் அதே தாளில் அடித்த மெய்ப்பைப் பார்க்காமல் ‘அடிக்கலாம்’ என்று சொல்லாதீர்கள். மெய்ப்பைச் செப்பனிட்டவரே பார்த்தால் பிழை கண்ணில் படாது. இதுவரை படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். பெயர்கள், படக்குறிப்புகள், பக்க எண்கள் மூன்றையும் தனித்தனிச் சுற்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்தாம் படி: பணம்

ஒரே இடத்திலிருந்து பாதிக்கு மேல் வந்தால் அந்த இடம் நின்றதும் நீங்களும் நிற்பீர்கள். நல்கை, சந்தா, விற்பனைப் பங்கு, பட்டறைக் கட்டணம், குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டுக் கையெழுத்திட்ட பிரின்ட் என்று ஐந்தாறு சிறு ஓடைகள் வேண்டும். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, ஓவியர்கள் பாத்திக் (மெழுகு தடவிச் சாயமிடும் துணி) போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்ற பணமே கை கொடுத்தது. ஓவியம் விற்றுத்தான் ஓவியம் வரைய வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இதழின் விலையை அச்சுச் செலவைப் போல் குறைந்தது மூன்று மடங்காக வையுங்கள். கடைக்காரர் கழிவு, தபால், எழுதியவர் தொகை எல்லாம் அதற்குள். சந்தாவை ‘வருடத்துக்கு’ என்று விற்காமல் ‘நாலு இதழுக்கு’ என்று விற்றால், ஓர் இதழ் தாமதமானாலும் யாருக்கும் நீங்கள் கடன்காரர் ஆக மாட்டீர்கள். ஆயுள் சந்தா வேண்டவே வேண்டாம். அது வருமானமாகத் தெரியும், உண்மையில் கடன். மூன்று மாத வாடகை எப்போதும் தொடாத பணமாக இருக்கட்டும்.

பதினொன்றாம் படி: பெட்டி

ஒவ்வொரு கண்காட்சிக்கும் அமிலம் இல்லாத ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே ஒப்பந்தம், நிலைக்குறிப்புகள், சுவர் வரைபடம், பெயர் அட்டை ஒரு செட், அழைப்பிதழ் இரண்டு, வருகைப் புத்தகம், வந்த விமர்சனம். படக்கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், கலைஞர் பெயர், வரிசை எண் என்று ஒரே முறையில் பெயர் வையுங்கள். ‘இறுதி’, ‘இறுதி புதுசு’ என்று வைத்தால் பிறகு எது இறுதி என்று உங்களுக்கே தெரியாது. மூன்று நகல், அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

மார்த்தா வில்சன் 1976இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபிராங்க்லின் ஃபர்னஸ் என்ற கலை அமைப்பு, கலைஞர்கள் செய்த புத்தகங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தது. 1993இல் அந்தத் தொகுப்பை அதே நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. அப்படி யாராவது ஒருநாள் வந்து கேட்பார்களா என்று தெரியாது. கேட்டால் எடுத்துக் கொடுக்கும்படி இருந்தால் போதும். இதழ் ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதியை விற்பனைக்கு வைக்காமல் தனியாகக் கட்டி, மேலே ‘கொடுக்கக் கூடாது’ என்று எழுதி வையுங்கள். முதல் இதழில் நாங்கள் அப்படிச் செய்யவில்லை. எங்களிடம் இப்போது இருப்பது ஒரே பிரதி, அதுவும் ஒரு நண்பர் வீட்டிலிருந்து கெஞ்சி வாங்கியது. முன்னட்டையில் அவர் எழுதி வைத்த ஒரு தொலைபேசி எண் இருக்கிறது.